என் காரை ஊமையாக்கியது யார்?

ஆறு வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மனிதரை நான் இடித்திருப்பேன்.

இடிக்கவில்லை. என் கார் பம்பருக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

தையல் கடையில் ரவிக்கை வாங்குவதற்காகக் கிள்ளானிலிருந்து கிளம்பி வந்தேன். துன் சம்பந்தன் சாலையில் வழக்கமான நெரிசல். ஊர்ந்துதான் போய்க்கொண்டிருந்தேன். எதிரே, பாதசாரிகளுக்கு வெள்ளைக் கோடு போட்ட இடம். கையில் வெள்ளைக்கோல் பிடித்த ஒருவர் சாலையில் இறங்கினார். நான் பெடலிலிருந்து காலைத் தூக்கினேன்...

கார் நிற்கவில்லை.

மின்சாரக் கார் ஓட்டாதவர்களுக்கு ஒரு விளக்கம். என்னுடைய மாதிரி கார்களில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும் – தானாக வேகம் குறைந்து, தானாக நின்றுவிடும். பிரேக்கை மிதிக்கும் வேலை பெரும்பாலும் இருக்காது. எனக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆனது. ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஒரு பெடலிலிருந்து இன்னொரு பெடலுக்குக் காலை மாற்றும் ஒவ்வொரு முறையும் உயிர் போகும். இந்த ஒரு வசதிக்காகத்தான் இந்தக் காரையே வாங்கினேன். ஷோரூமில் விற்றவரும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "காலைத் தூக்குங்க அக்கா, மத்தத அது பாத்துக்கும்லா."

ஒன்றரை வருஷம் அதுவும் பார்த்துக்கொண்டது. அன்று பார்த்துக்கொள்ளவில்லை. தன்பாட்டுக்கு உருண்டது. நான் பதறிப்போய்க் காலை இழுத்துப் பிரேக்கில் வைத்து அழுத்திய பிறகுதான் குலுங்கி நின்றது.

பானெட்டில் 'டங்' என்று ஓர் அடி. அவர் கோலால் அடித்தார்.

"யாருங்க அது? கண்ணு எனக்குத்தான் தெரியாது. உங்களுக்குமா தெரியல?"

பின்னால் ஹாரன் மேல் ஹாரன். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, நொண்டிக்கொண்டே ஓடி, அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபம் தணியவில்லை.

"என்ன காரு அக்கா? கரண்டு காரா?"

"ஆமாண்ணே."

"நெனச்சேன். இந்த மாதிரி காரு முன்னயெல்லாம் மெதுவா வந்தா 'ஊஊ'ன்னு ஒரு சத்தம் குடுக்கும். அத வச்சுத்தான் நான் ஒதுங்குவேன். ரெண்டு வாரமா சிலது ஊமையாயிருச்சு. உங்களுது சுத்தமா கேக்கல. என்ன பண்ணீங்க?"

நான் என்ன பண்ணினேன்? ஒன்றும் பண்ணவில்லையே... என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது.

முந்தைய நாள் சாயங்காலம் காரின் திரையில் 'புதிய அப்டேட் தயார்' என்று வந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு பக்கம். கையில் டீ. யார் படிப்பார்கள்? 'சம்மதம்' என்ற பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். மறுநாள் காலை வரும் வழியெல்லாம் கார் என்னவோ வழுக்குகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் நான் காரைச் சந்தேகப்படவில்லை. என் முட்டியைச் சந்தேகப்பட்டேன்!

அவர் பெயர் செல்வம். அதே தெருவில் ஒரு மாடிக்கடையில் மசாஜ் செய்கிறார். முப்பது வருஷமாக அந்தச் சாலையைத் தனியாகத்தான் தாண்டுகிறார். போன் நம்பர் கொடுத்தார். "விஷயம் தெரிஞ்சா சொல்லுங்க அக்கா," என்றார்.

ரவிக்கையை வாங்கவில்லை. நேராகப் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அங்கே கவுண்டரில் இருந்தவர் காயத்ரி. முப்பது வயசு இருக்கும். மரியாதையான பெண். என் கதையை முழுதும் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"ஆன்டி, இது ஃபால்ட் இல்ல. இம்ப்ரூவ்மென்ட்."

"எது?"

"பெடல்ல கால் எடுத்தா கார் பட்டுனு ஸ்லோ ஆகுதுல்ல... பின்னால உக்காந்திருக்கவங்களுக்குத் தலை சுத்துதுன்னு கம்ப்ளைன்ட். அதான் சாஃப்ட் ஆக்கிட்டாங்க."

"பழையபடி மாத்திக் குடும்மா."

"முடியாது ஆன்டி. அந்த ஆப்ஷனே இப்ப இல்ல."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. கார் என்னுடையது. என் பெயரில் இருக்கிறது. என் வீட்டு போர்ச்சில் நிற்கிறது. எங்கேயோ உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் அதன் பிரேக்கை மாற்றுகிறார்... எனக்கு ஒரு போன் கூட இல்லை! என் தையல்காரம்மா, நான் ரவிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு, பீரோவைத் திறந்து கையைச் சின்னதாக்கிவிட்டுப் போனால் நான் சும்மா இருப்பேனா? அந்தம்மாவுக்குத் தோன்றாத துணிச்சல் இவர்களுக்கு எப்படி வந்தது?

"நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்க ஆன்டி," என்றார் காயத்ரி, மெதுவாக.

ஆமாம். கொடுத்திருக்கிறேன். டீயோடு.

சரி, சத்தத்துக்கு என்ன? கேட்டேன். மெதுவாகப் போகும்போது வெளியே வரும் அந்த 'ஊஊ' சத்தத்தையும் குறைத்திருக்கிறார்களாம். அதுவும் இம்ப்ரூவ்மென்ட்தான். அதுவும் வாடிக்கையாளர்கள் கேட்டதுதான்.

"ஆனா ஆன்டி, உள்ள உக்காந்தா அந்தச் சத்தம் அவ்வளவா கேக்காதே. கொறஞ்சது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியல. செல்வம்னு ஒருத்தர் சொன்னாரு. கண் பார்வை இல்லாதவரு. இன்னிக்கு என் கார்ல அடிபட இருந்தவரு."

காயத்ரி விரலைக் கீபோர்டில் வைத்தபடி கேட்டார்: "அவரு நம்ம கஸ்டமரா?"

அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தை நிரப்பினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். அது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் எழுந்து கத்தினேன். ஏசி அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லம்மா! அவரு கஸ்டமர் இல்ல! அவரு ரோட்டுல நடக்கிறவரு!"

மேனேஜர் வெளியே வந்தார். மிஸ்டர் லிம். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். சத்தம் குறைந்திருந்தாலும் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்றார். "பயப்படாதீங்க மேடம், கேட்கிற அளவுக்கு இருக்கு." யாருக்குக் கேட்கிற அளவுக்கு? அதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை செல்வம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் போனேன். அவர்தான் வருகிறேன் என்றார். "நீங்க சொன்னா கம்ப்ளைன்ட். நான் நின்னா அது வேற," என்றார்.

மிஸ்டர் லிம்முக்கு எங்களைப் பார்த்ததும் முகம் மாறியது. செல்வம் அவரிடம் மலாயில் பேசினார். "பாஸ், ச்சூபா டூலு லா." முதலில் சோதித்துப் பாருங்கள், பிறகு பேசலாம் என்றார்.

அங்கேயே இருந்த ஷோரூமில் மக்கள் ஓட்டிப் பார்ப்பதற்காக ஒரு கார் வைத்திருந்தார்கள். என் கார் மாதிரியேதான், அதே மாடல். ஆனால் இன்னும் அப்டேட் போடாதது. பின்பக்கக் கார் பார்க்கில், ஒரு தூணுக்குப் பக்கத்தில், செல்வம் முதுகைக் காட்டி நின்றார். கார் வருவது கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. மிஸ்டர் லிம் தானே ஓட்டுகிறேன் என்றார்.

முதலில் அப்டேட் போடாத அந்தக் கார். கிளம்பிய சில விநாடிகளிலேயே செல்வத்தின் கை மேலே போனது. கார் அப்போது நல்ல தூரத்தில் இருந்தது. இன்னொரு முறை. மறுபடியும் அப்படியே.

அப்புறம் என் கார்.

வந்தது... வந்துகொண்டே இருந்தது. கை உயரவில்லை. நானும் காயத்ரியும் ஓரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தோம். நான்கு பார்க்கிங் கட்டம், மூன்று, இரண்டு. கடைசியில் டயர் ஒரு சாக்கடை மூடி மேல் ஏறிக் 'கடக்' என்றது. அந்தச் சத்தத்துக்குத்தான் கை உயர்ந்தது. மிஸ்டர் லிம் பிரேக் போட்டார். இறங்கி வந்தபோது அவர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறை அதே நேரத்தில் வெளிச்சாலையில் ஒரு லோரி போனது. செல்வம் கையைத் தூக்கவே இல்லை. காயத்ரிதான் "அண்ணே!" என்று அலறினார்.

"இங்க ஒரு லோரிதான் போவுது பாஸ்," என்றார் செல்வம். "எங்க ரோட்டுல லோரி, பஸ்ஸு, மேல ட்ரெய்னு, கடை ஸ்பீக்கரு... எல்லாம் ஒண்ணா போவும். நீங்க லைட்டப் பாத்து தாண்டுவீங்க. நான் காதுலதான் தாண்டுறேன்."

மிஸ்டர் லிம் வாதாடவில்லை. மன்னிப்புக் கேட்டார். தலைமை அலுவலகத்துக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார். எழுதியும் இருக்கிறார் – காயத்ரி எனக்குப் பிரதியைக் காட்டினார். ஆகவே அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை.

என் கோபம் போன திங்கட்கிழமை வந்தது.

அன்று காலை காரில் இன்னோர் அப்டேட். இந்த முறை டீயைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொடி எழுத்து முழுவதையும் படித்தேன். பெடலிலிருந்து காலை எடுத்தாலே நிற்கும் பழைய வசதியைத் திரும்பத் தருகிறார்களாம். வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாமாம். வாடிக்கையாளர்களின் குரலுக்குச் செவிசாய்த்தோம் என்று ஒரு நன்றி வேறு. போட்டுப் பார்த்தேன். காலைத் தூக்கினேன், கார் சமர்த்தாக நின்றது. என் முட்டி தப்பித்தது.

சத்தம்? அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

காயத்ரிக்குப் போன் போட்டேன். அவருக்கே சங்கடமாக இருந்தது.

"பெடலப் பத்தி நிறைய ஓனர்ஸ் கம்ப்ளைன்ட் பண்ணாங்க ஆன்டி. சத்தத்தப் பத்தி உங்களத் தவிர யாரும் பண்ணல. நானே உங்க பேர்ல ரெண்டு தடவ போட்டுட்டேன்."

புரிகிறதா? கார் வைத்திருப்பவளுக்கு வலித்தது, சரிசெய்துவிட்டார்கள். கார் முன்னால் நிற்பவருக்கு உயிர் போகும். அவருக்கு அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கட்டமே இல்லை.

யாரும் சொல்லவில்லையென்றால் சொல்ல வைப்போம் என்று, இந்தக் கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். சுங்கை வே, செராஸ், கிள்ளான் என்று எல்லா இடத்து ஆட்களும் இருக்கிற குழு. பெடல் மாறிய வாரத்தில் கொந்தளித்தவர்கள். நியாயம், சட்டம், நுகர்வோர் உரிமை என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள். இப்போது? இரண்டு பேர் கும்பிடும் கைப் படத்தைப் போட்டார்கள். ஒருவர் எழுதினார்: "அக்கா, பிளீஸ்லா. இப்பத்தான் அமைதியா இருக்கு. மறுபடி அந்தப் பேய்ச் சத்தத்தக் கொண்டு வந்துடாதீங்க."

கொதித்துப்போனேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி முதலில் கேட்டது யார் என்று பார்த்துவிடலாம் என்று குழுவின் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனேன். நாலைந்து மாதத்துக்கு முன் ஒருவர் எழுதியிருந்தார் – காரை ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் 'ஊஊ' சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் முறைக்கிறார்கள், எல்லாருமாகச் சேர்ந்து கம்பெனிக்கு எழுதுவோமா என்று. கீழே வரிசையாக, 'எனக்கும் சம்மதம்' என்று தூக்கிய கட்டைவிரல் படங்கள். தொட்டுப் பார்த்தால் போட்டவர்கள் பெயர் வரும்.

என் பெயரும் வந்தது.

எப்போது போட்டேன்? நினைவே இல்லை. அன்றும் கையில் டீ இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் செல்வத்திடம் இதைச் சொன்னேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. அவர் கடை வாசலில் கோலை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எதிர்ப்பக்கம் சாப்பிடப் போக வேண்டும், யாராவது வரட்டும் என்று காத்திருந்தார்.

"முப்பது வருஷம் தனியா தாண்டின ரோடு அக்கா. இப்ப கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போவ ஆள் தேடுறேன். பச்சப்புள்ள மாதிரி."

நான் சொன்னதை முழுதும் கேட்டார். 'பரவாயில்லை' என்று சொல்லுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

"அந்தக் கட்டைவிரல எடுத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"எடுத்துட்டேன்ணே."

"சரி. அப்ப ஒண்ணு பண்ணுங்க. இந்தப் பக்கம் வந்தா ஜன்னல எறக்கிட்டு, பாட்டச் சத்தமா வச்சுட்டு வாங்க. மத்த காரு எப்படியோ, உங்க காராவது எனக்குத் தெரியட்டும்."

அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து நான்கு ஜன்னலையும் இறக்கினேன். ரேடியோவை எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவும் திருகினேன். பூக்கடைக்காரர்கள் சிரித்தார்கள். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பெண்கள், 'இந்த வயசுல இந்த ஆன்டிக்கு என்ன வந்தது' என்கிற மாதிரி பார்த்தார்கள்.

பார்க்கட்டும். சக்கரத்தில் ஓடும் கம்ப்யூட்டர் என்று சொல்லித்தான் விற்றார்கள்... ஆனால் அதற்கும் சேர்த்து நான்தான் சத்தம் போட வேண்டியிருக்கிறது!