ஒட்டுப்பாலில் எழுதிய எழுத்து

இன்றைக்கு என் பெயரில் மூன்று லாரி ஓடுவது பாடாங் செராயில் எல்லாருக்கும் தெரியும். என் பெருமை அதில் இல்லை. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், ஒரு தகப்பனையும் தாயையும் உட்காரவைத்து, பிள்ளைக்கு எப்படிப் பாடம் சொல்வது என்று பழக்கினேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் வேறு ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை.

லயத்து வரிசை வீடுகளில் என் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல பால்வெட்டுக்காரர். அவர் வெட்டிய மரத்தில் ஒரு காயம் பார்க்க முடியாது. அவருக்கு ஒரே மகள், ஒன்பது வயது. ஒரு பாட்டை ஒருதரம் கேட்டால் அப்படியே பாடுவாள். எழுத்தைக் காட்டினால் மட்டும் விழிப்பாள். தமிழ் எழுத்தே அவளுக்குத் தகராறு. அதற்குமேல் ஜப்பான் எழுத்தும் வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் ஜப்பான் அதிகாரி வரும்போது அவள் வாசிக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவேன் என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். பள்ளியில் பெயர் இல்லாத பிள்ளை மறுநாளே மரவள்ளிக் காட்டுக்குப் புல் பிடுங்கப் போகவேண்டும். அப்படிப் போன பிள்ளைகள் திரும்பிப் படிக்க வந்ததை நான் பார்த்ததில்லை.

தாய், கோயில் விபூதியை அவள் நாக்கில் தடவிப் பார்த்தார். தகப்பன் வேலை முடிந்து வந்ததும் சிலேட்டும் பிரம்புமாக உட்கார்ந்தார்.

நான் தோட்டத்து லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். சுங்கை பட்டாணி டவுன் கடைத்தெருப் பலகைகளைப் பார்த்தே ஜப்பான் எழுத்தை இரண்டு மாதத்தில் பிடித்துவிட்டேன். ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. ஒரு பின்னேரம் அடி விழும் சத்தம் பொறுக்காமல் அங்கே போனேன். சிலேட்டைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணே, சிலேட்டத் தலைகீழா புடிச்சிருக்கீங்க."

"மூணாங் கிளாஸ் படிச்ச நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா?"

"மூணு கிளாஸ் படிச்சதனாலதான் எது தலை எது காலுன்னு தெரியுது."

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருநாள்கூடப் பள்ளி வாசலை மிதிக்காத மனிதர் அண்ணன். பிரம்பைக் கீழே வைத்தார். நான் அதோடு விடவில்லை. மரம் வெட்ட யார் பழக்கினார்கள், அடித்தா பழக்கினார்கள் என்று கேட்டேன்.

"மாமாதான். கையப் புடிச்சு வெட்ட வச்சாரு. கத்தி எவ்வளவு எறங்குதுன்னு கைக்குத் தெரியணும்பாரு."

"அப்ப இவளுக்கும் கைக்குத் தெரியட்டும்லா."

மறுநாள் அவர் ஒட்டுப்பால் கொண்டுவந்தார். வெட்டிய கோட்டில் பால் காய்ந்து நீளமாக நூல்போல் உரியுமே, அதுதான். அவர் மனைவி மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, நான் வரைந்து காட்டிய ஜப்பான் எழுத்துபோல அந்த நூலை எழுத்து எழுத்தாகப் பலகைத் துண்டுகளில் ஒட்டினார். நான் ஒரு சட்டம் போட்டேன். கண்ணை மூடி, விரலால் தடவி, தாயும் தகப்பனும் முதலில் எழுத்தைச் சொல்லவேண்டும். பிறகுதான் பிள்ளை. லயத்தில் போகிறவர்கள் குடும்பமே கண்ணாமூச்சி ஆடுகிறது என்றார்கள். எனக்கு 'சப்பான் வாத்தியார்' என்று பட்டம் கட்டினார்கள். கட்டட்டும்.

ஒரே சாடையில் இரண்டு எழுத்து உண்டு. அண்ணன் அதில் நான்குநாள் தடுக்கினார். ஐந்தாம் நாள் மகள் அவர் விரலைப் பிடித்து நகர்த்தினாள்.

"அது இல்லப்பா. இதுல சின்னக் கோடு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு இருக்கு. நீ சொல்றதுல பக்கத்துல பக்கத்துல இருக்கும்."

அவள் இன்னொருவரைத் திருத்தி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அண்ணன் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

அதிகாரி வந்த அன்று பள்ளிக்கு எதிரே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அரைச் சுவருக்கு மேலாக எல்லாம் தெரிந்தது. அவள் முறை வந்தது. கரும்பலகையைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. வாத்தியார் பேனாவை எடுத்துவிட்டார். அப்போது அவளுடைய விரல் பாவாடைமேல் ஊர்ந்தது. கரும்பலகையிலிருந்த கோட்டை அப்படியே துணியில் இழுத்துப் பார்த்து முதல் எழுத்தைச் சொன்னாள். அடுத்ததையும் சொன்னாள். சாடை எழுத்து வந்தபோது இரண்டுதரம் இழுத்துப் பார்த்தாள். சரியாகச் சொன்னாள். வரிசை முழுவதும் வாசித்து முடிக்க வெகுநேரம் ஆனது. இடுப்பில் வாளோடு நின்ற அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளையைக் காட்டினார். வாத்தியார் பேனாவை மூடினார்.

வேலைக்காட்டிலிருந்து நேராக ஓடிவந்த அண்ணன் மூச்சு வாங்க என்னிடம் கேட்டார்.

"தம்பி, பேரு இருக்கா?"

"இருக்குண்ணே. முழு வரிசையும் வாசிச்சா."

அதிகாரியின் கார் கிளம்பியதும் அவர் பால் கறை படிந்த சட்டையோடு பள்ளிக்குள் நுழைந்தார். வாத்தியார் பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணன் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"வாத்தியாரய்யா, நாளைக்குத் தமிழ்ல எந்த எழுத்து? இப்பவே எழுதிக் குடுங்க. நானும் இவ அம்மாவும் முன்னாடியே பழகிக்கணும்."