கடைசி சர்வீஸுக்கு மட்டும் இறங்குகிறவள்

உவோசு துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் கயாகோ இசோபே வாலிபால் ஆட்டக்காரிதான் என்பார்கள். அவள் ஆடிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. கமபோகோ என்கிற ஜப்பானிய மீன் பலகாரம் செய்யும் கம்பெனியின் பெண்கள் அணியில் பதினொரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலைதான். செட் முடிகிற நேரத்தில் இறங்கி ஒரு சர்வீஸ் போடுவாள், திரும்பி வந்து பெஞ்சில் உட்காருவாள். மகள் ஆடுவதைப் பார்க்க ரயிலேறி வந்த அம்மாகூட, பை திறந்து மூக்குக்கண்ணாடி தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று புலம்பியிருக்கிறாள்.

மத்தியானம் வரை தொழிற்சாலை, அதற்கு மேல் பயிற்சி. தொழிற்சாலையில் அவள் பெரிய ஆள். மரப்பலகையில் வெந்த மீன் விழுது வரிசையாக நகர்ந்து வரும். வெடிப்போ கறையோ கண்ணில் பட்டால், பார்த்தவள் உடனே கையைத் தூக்கி நிறுத்தச் சொல்ல வேண்டும். யோசிக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கக் கூடாது. கயாகோவின் கை அவள் மூளையைவிட வேகம் என்று மேற்பார்வையாளரே சொல்வார்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் ஆறு பேர் பெயரைச் சொல்வார்களே, அதில் ஒரே ஒரு தடவை தன் பெயரும் வர வேண்டும். அதற்குள் அவளுக்கு வயது முப்பத்துமூன்று ஆகிவிட்டது. அந்த வயதுக்காரிகளை மார்ச் கடைசியில் பயிற்சியாளர் முரோயி அறைக்குக் கூப்பிடுவார். அவர்கள் வெளியே வரும்போது அழுதிருப்பார்கள்.

"அக்கா, அந்த பெஞ்சுக்கு வாடகை ஏதும் குடுக்கறீங்களா?" என்பாள் ரிக்கோ. இருபது வயது, அணியிலேயே பலமாக அடிப்பவள்.

"நீ பேசாதடி. நீ அடிக்கிற அடியில வலைக்குத்தான் காயம்."

அந்த வருஷம் மார்ச்சில் மேல் பிரிவில் நிலைக்கக் கடைசி ஆட்டம். தோற்றால் இரண்டாம் பிரிவு. ஐந்தாவது செட், பதினான்குக்குப் பதின்மூன்று. ஒரு புள்ளி போதும். முரோயி கயாகோவை இறக்கினார். அவளும் ஒழுங்காகத்தான் போட்டாள். எதிரணிக்காரி திருப்பி அடித்த பந்து, குதித்த கயாகோவின் தலைக்கு மேலே பறந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. நடுவர் அவுட் என்று காட்டினார். ஜெயித்தாகிவிட்டது! ரிக்கோ கத்திக்கொண்டே ஓடி வந்து கட்டிப்பிடித்தாள்.

கட்டிப்பிடித்த பிறகுதான் பார்த்தாள், கயாகோவின் வலது கை மேலே நிற்கிறது.

"கையை இறக்குங்கக்கா!"

"விரல் நுனியில பட்டுச்சுடி."

"யாரு பாத்தா?"

யார் பார்த்தார்கள்? ஒருத்தரும் பார்க்கவில்லை. நேர்மை, தர்மம் என்றெல்லாம் அவள் யோசித்திருப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். கை தானாகப் போய்விட்டது, அவ்வளவுதான். மேலே நிற்கும் கையைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள். கையில் பட்டுவிட்டு வெளியே போன பந்து எதிரணிக் கணக்கு என்பதால் நடுவர் புள்ளியை அவர்களுக்குக் கொடுத்தார். பதினாறுக்குப் பதினான்கு என்று தோற்றார்கள். திரும்பும் பேருந்தில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுவாரம் முரோயி கூப்பிட்டனுப்பினார். விலகல் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டே போனாள்.

"உக்காரு."

"நின்னுக்கறேன் சார். இந்தாங்க."

அவர் அந்த உறையைத் தொடக்கூட இல்லை. "ரிக்கோ போறா. இன்னும் நாலு பேரும் போறாங்க. மேல் பிரிவு அணிங்க கூப்பிட்டிருக்கு, போகாம என்ன பண்ணுவாங்க? மிச்சம் ஏழு பேரு. அதுல ஒருத்தி லிபரோ, பின்னால நின்னு பந்தை எடுக்க மட்டும்தான்."

"சரிங்க சார்."

"என்ன சரிங்க சார்? மீதி ஆறு பேரும் முதல்லயே இறங்கணும். அதுல நீயும் ஒருத்தி."

கயாகோ நீட்டிய உறையைக் கீழே இறக்கினாள். "அன்னைக்கு ஜெயிச்சிருந்தா சார்?"

முரோயி மனுஷன் நல்லவர்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாது. "ஜெயிச்சிருந்தா எல்லாரும் இருந்திருப்பாங்க. உன்னை இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

வெளியே வந்தாள். சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, அந்தச் சந்தோஷத்தின் மேலேயே கோபமும் வந்தது. உடைமாற்றும் அறையில் ரிக்கோ தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"சார் என்னக்கா சொன்னாரு? போகச் சொல்லிட்டாரா?"

சொல்லாமல் மழுப்பிவிடலாமா என்று பார்த்தாள். முடியவில்லை. "முதல் ஆறு பேர்ல நான் இருக்கேன்."

ரிக்கோ கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். "எங்களையெல்லாம் ஊரை விட்டு அனுப்பிட்டு நீங்க ஆடப் போறீங்களா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"இருக்குடி. ரொம்பவே இருக்கு. ஆனா சந்தோஷமாவும் இருக்கே, நான் என்ன பண்ணட்டும்?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ரிக்கோ குனிந்து செருப்பை எடுத்துப் பெட்டிக்குள் எறிந்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முதல் ஆட்டம் என்றைக்கு என்று கேட்டாள்.