சூடு ஆறாத ஹெட்

வேலை செய்யாத கை அழுக்காக இருக்க வேண்டும், வேலை செய்கிற கை சுத்தமாக இருக்க வேண்டும். புத்தூரில் ஹரிபாபுவின் பைக் மெக்கானிக் கடைச் சட்டம் அது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவன் பழைய ஆயில் டப்பாவில் இரண்டு கையையும் முக்கி எடுப்பான். அவன் பெண்டாட்டி சந்தியா, தகரத் தடுப்புக்குப் பின்னால் இன்ஜின் வேலையை முடித்துவிட்டு, மண்ணெண்ணெயும் சோப்புத் தூளும் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வெளியே வருவாள்.

ஆறு வருஷத்துக்கு முன் அவன் வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள ஊர் உலகமெல்லாம் புத்தூரைத் தேடி வருகிறது. இந்த மகராசனோ அந்தக் கட்டை, அரிக்கிறது என்று பத்தாம் நாளே அறுத்துப் போட்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எலும்பு கோணலாகக் கூடியது, ஸ்பேனர் நிற்கவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே என்று சந்தியா எடுத்தாள். பொம்பளை கைபட்ட வண்டி என்றால் எவன் வருவான்? ஆகவே தகரத் தடுப்பு. கோணல் கையை வைத்துக்கொண்டே இப்படி வேலை செய்கிறானே என்று ஊர் ஹரிபாபுவை மெச்சியது. அவனும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டான்.

அவளுக்குப் பிடித்தது ஹெட் வேலை. சிலிண்டரின் மேல் மூடிபோல உட்கார்ந்திருக்கும் அந்த அலுமினியத் துண்டில்தான் வண்டியின் மூச்சு இருக்கிறது. அதில் இரண்டு வால்வு. ஒன்று திறந்தால் பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும். மற்றது திறந்தால் எரிந்த புகை வெளியே போகும். பிஸ்டன் மேலேறி அமுக்க, பிளக் பொறி விடும் அந்த நேரத்தில் இரண்டுமே இறுக மூடியிருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் இழுவை போச்சு. சந்தியா வால்வில் நறநறவென்ற தேய்ப்புப் பேஸ்ட் தடவி, குச்சியில் பிடித்து, கீரை மத்தைப்போல உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் தேய்ப்பாள். பிறகு துளையில் பெட்ரோல் ஊற்றி வைத்துப் பார்ப்பாள். ஒரு சொட்டும் கசியக் கூடாது.

கழற்றுவதற்கு முன் ஹெட்டின்மேல் உள்ளங்கையை வைப்பாள். சுட்டால் காத்திருப்பாள். சூட்டோடு, அதுவும் ஒரு பக்கமாகவே போல்ட்டைக் கழற்றினால், அலுமினியம் வளைந்துவிடும். இது ஹரிபாபுவுக்கும் தெரியும்.

போன வைகாசியில் மாந்தோப்புக்காரர் கோவர்த்தனன் கடைவாசலில் வண்டியை நிறுத்தினார். முந்தின வாரம்தான் அதன் ஹெட்டைச் சந்தியா செய்து கொடுத்திருந்தாள்.

"டேய் ஹரி, மேட்டுல மூணாவது கியர்லயே ஏறுதுடா! திருப்பதில எம் மச்சான் சர்வீஸ் சென்டர் வெச்சிக்கினு இருக்கான். இந்த ஹெட்ட செஞ்ச கை வேணும்ன்றான். மாசச் சம்பளம். போறியா?"

ஹரிபாபு தரையைப் பார்த்தான். தடுப்புக்குப் பின்னால் சந்தியா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். அன்றைக்கு அவள் கை கழுவவில்லை. கரியும் கிரீஸுமாக அப்படியே வெளியே வந்தாள்.

"அண்ணா, அத செஞ்சது நானு."

கோவர்த்தனன் முகத்தில் சிரிப்பு அணைந்தது. "என் வண்டில நீ கை வெச்சியா? இன்னாடா ஹரி இது?"

"ஒளறிக்கினு இருக்கா அண்ணா. ஸ்பேனர் எடுத்துக் குடுப்பா, அவ்ளோதான்."

"அப்ப தொறடா. உள்ள இன்னா பண்ணி வெச்சிருக்கீங்கன்னு இப்பவே பாக்கணும்."

டீக்கடைக் கூட்டம் வந்து சூழ்ந்துகொண்டது. சந்தியா வண்டியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"இப்பதான ஓடி வந்திருக்கு. சூடு ஆறட்டும் அண்ணா. ஒரு மணி நேரம். நானே தொறந்து ஒண்ணு ஒண்ணா வெளக்கிக் காட்டறேன்."

"பாத்தீங்களா, டைம் கேக்கறா!" கூட்டம் சிரித்தது.

ஹரிபாபு இடது கையில் ஸ்பேனரை எடுத்தான். ஒரு பக்கத்துப் போல்ட்டுகளையே வரிசையாகத் திருகினான். சந்தியா அவன் கையைப் பிடித்தாள். "மாமா, வேணாம். வளைஞ்சிடும். உனக்குத் தெரியாதா?"

உதறிவிட்டான். அவன் கண்ணைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கியது, தெரிந்துதான் செய்கிறான். அவள் திருப்பதிக்குப் போய்விட்டால் தடுப்புக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? பாவி.

ஆறின பிறகு, வளைவு பார்க்க ஹெட்டைத் தட்டையான கண்ணாடிமேல் கவிழ்த்தார்கள். நடுவில் மெல்லிய தகடு தடையில்லாமல் நுழைந்தது. "வளைஞ்சி கெடக்குதே! யார்டா பண்ணது?" என்று கத்தினார் கோவர்த்தனன்.

ஹரிபாபு நிமிர்ந்தான். கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னான்:

"எனக்குத் தெரியாம கை வெச்சிட்டா அண்ணா. இந்த ஹெட்ட செஞ்சது அவதான்."

அவன் வாயால் ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று சந்தியா ஆறு வருஷம் ஏங்கிய வார்த்தை. கோவர்த்தனன் அங்கேயே நின்று மச்சானுக்குப் போன் போட்டு, ஆள் சரியில்லை என்றார்.

மூன்று நாள், தடுப்புக்குப் பின்னால் கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்து, வளைவு போகும்வரை ஹெட்டைத் தேய்த்தாள் சந்தியா. போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினாள். வண்டியை எடுக்க வந்த கோவர்த்தனன் ஒரு உதையில் ஸ்டார்ட் செய்து, காது கொடுத்துக் கேட்டார்.

"இதான்டா ஆம்பள கை!"

ஹரிபாபு ஆயில் சொட்டும் கைகளைக் கூப்பினான். தகரத்துக்குப் பின்னால் சந்தியா நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. அதையும் கழுவினாள்.