நான் அழுத்திய ‘இல்லை’

பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தே, ‘காய்ச்சல் இல்லை’ என்று கைப்பேசியில் அழுத்தியவள் நான். தவறுதலாக விரல் பட்டுவிடவில்லை. தெரிந்துதான் அழுத்தினேன்!

இதைப் படிக்கும் நீங்கள் என்னை மன்னிக்கத் தயாராக வேண்டாம். நான் கேட்கவுமில்லை. கோபப்படுங்கள்... எனக்கு என்மேல் இருக்கும் கோபத்தில் பாதியாவது உங்களுக்கும் வரட்டும்.

ஓசூரில் காய்ச்சல் கணக்கெடுக்கும் ஒப்பந்தப் பணியாளாக இருந்தேன். ஓர் ஆராய்ச்சித் திட்டம் அது. நாங்கள் வீடு வீடாகப் போய்க் கைப்பேசிச் செயலியில் பதிவதைச் செயற்கை நுண்ணறிவு படித்துப் பார்த்து, டெங்கு அடுத்து எந்தத் தெருவில் பரவும் என்று முன்கூட்டியே சொல்லும். அது சிவப்பு காட்டும் தெருவுக்கு மருத்துவ முகாமும் கொசு மருந்து வண்டியும் போகும். பச்சை காட்டினால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஏழை நாட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்று பயிற்சியில் சொன்னார்கள். நானும் கை தட்டினேன்.

எனக்குக் கொடுத்த பகுதி மூக்கண்டப்பள்ளி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகள். ஓர் அறையில் இரண்டு மூன்று பேர், ஆளுக்கொரு ஷிப்ட். உள்தாழ்ப்பாள் பெரும்பாலும் உடைந்திருக்கும். வீட்டுக்காரர் சரிசெய்ய மாட்டார். அதனால் காலை ஷிப்டுக்குப் போகிறவள், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவளை உள்ளே விட்டு வெளியே பூட்டி, சாவியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போவாள். தூங்கி எழுந்தவள் அந்தச் சாவியை வெளியே போகிற யாரிடமாவது நீட்டித் திறக்கச் சொல்வாள். கல்லாவியிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் நானும் இரண்டு வருடம் அப்படித்தான் தூங்கி எழுந்தேன். ஆகவே, பூட்டு தொங்கியதால் ஆள் இல்லை என்று நினைத்துவிட்டேன் என்று உங்களிடம் நான் புளுக முடியாது!

அந்தச் செயலியைச் செய்த படித்த பெருமக்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு வீடு என்றால் திறந்த வீடு, பூட்டிய வீடு, அவ்வளவுதான். பூட்டிய வீடு என்று பதிந்தால் மாலையில் மறுபடி வர வேண்டும். காய்ச்சல் என்று பதிந்தால் வெப்பமானி வைத்துப் பார்த்து, அளவைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். அதுவரை அடுத்த வீட்டுக்கே விடாது. ‘இல்லை’ என்பதற்கு மட்டும் ஒரு கேள்வியும் கிடையாது. ஒரே அழுத்து... எவ்வளவு வசதி! நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. பொய்க்கு இவ்வளவு அகலமாக வழி விட்டவர்களை என்ன சொல்ல? ஆனால் அந்த வழியில் நடந்தது யார்? நான்தானே!

அன்று பிற்பகல் திட்டத்தைப் பார்வையிட வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. “மூணு மணிக்குள்ள மேப் முழுசா வந்துரணும்” என்று மேற்பார்வையாளர் காலையிலிருந்தே விரட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் முதலில் முடிக்கிறவள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. மிச்சம் இருந்தது ஒரே ஓர் அறை.

பூட்டு தொங்கியது. தட்டினேன்.

“யாரு?” தெற்கத்திக் குரல்.

“காய்ச்சல் சர்வேங்க. யாருக்காச்சும் காய்ச்சல் இருக்குதுங்களா?”

“எனக்குத்தான்க்கா. ரெண்டு நாளா அனலாக் கொதிக்குது. சாவி இங்கனதான் கெடக்கு... செத்த நேரம் நில்லுங்க, எந்திரிச்சு வாரேன்.”

பாய் அசையும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள் என்று தெரிந்தது. நான் கைப்பேசியில் மணியைப் பார்த்தேன். அழுத்தினேன். நடந்துவிட்டேன்.

பின்னாலிருந்து “அக்கா... அக்கா...” என்று இரண்டு முறை கூப்பிட்டாள். கேட்டது. நன்றாகவே கேட்டது!

தெரு பச்சையானது. வந்தவர்கள் திரையைப் பார்த்து வியந்தார்கள். என்னை நடுவில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், வெட்கங்கெட்டவள்! உங்கள் பகுதியில் காய்ச்சல் பரவல் இல்லை என்று அன்று மாலையே அந்தத் தெருக்காரர்களின் கைப்பேசிகளுக்குச் செய்தி போனது. பேச்சியின் அறைத்தோழி கனகா அதை நம்பினாள். வெறும் உடம்புச் சூடுதான் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்து, கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான்காம் நாள் ஈறிலிருந்து ரத்தம் கசிந்து பேச்சி மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். டெங்கு முற்றிவிட்டது என்றார்கள். பிழைக்கவில்லை. இருபத்திரண்டு வயது.

பிறகு நடந்த கூட்டத்தில் எல்லோரும் இயந்திரத்தைத் திட்டினார்கள். அதற்கு இன்னும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார் ஆராய்ச்சியாளர். “கம்ப்யூட்டர நம்புனா இப்படித்தான்” என்றார் மேற்பார்வையாளர். நானும் தலையாட்டினேன். அது என்ன பாவம் செய்தது? நான் சொன்னதைத்தானே நம்பியது! அந்த அறைக்குப் போனது யார் என்று ஒருவராவது கேட்டிருந்தால்... கேட்டிருந்தால் மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

கனகா மட்டும் கேட்டாள். பேச்சியின் துணிமணிகளை ஊருக்கு அனுப்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, யாரோ ஒரு அக்கா வந்தாங்கன்னு காய்ச்சல்ல உளறிட்டே இருந்தா. அன்னைக்கு நீங்க இந்தப் பக்கம் வந்தீங்களா?”

“வந்தேன் கண்ணு. பூட்டியிருந்துச்சு.”

அதுவரை உண்மை. மீதியை விழுங்கிவிட்டேன்.

“நான்தான பூட்டிட்டுப் போனேன்... பூட்டாமப் போயிருந்தா நீங்க பாத்திருப்பீங்கல்ல?” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவள் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னேன்... நான்!

கனகா இப்போது போச்சம்பள்ளியில் வேறு கம்பெனியில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை எனக்கு போன் செய்வாள். “உங்ககிட்டப் பேசுனாத்தான்க்கா மனசு கொஞ்சம் ஆறுது. நாந்தான்க்கா அவளக் கொன்னுட்டேன்” என்பாள். “உம்மேல தப்பில்ல கண்ணு” என்பேன். அப்படியானால் யார்மேல் என்று அவள் இதுவரை கேட்டதில்லை. கேட்டுவிடுவாளோ என்று பயந்து, அவசர அவசரமாகப் பேச்சை மாற்றி, “சாப்பிட்டியா?” என்று கேட்கிறேன்.

நேற்றும் கேட்டேன்.