பக்கத்துக் கட்டில்

லிஃப்ட்காரருக்குக் குடியை விடத் தெரியாது என்று யார் சொன்னது? இரண்டு தடவை விட்டவர் அவர். இரண்டு தடவையும் மறுவாழ்வு இல்லத்திலிருந்து புது ஆளாக வெளியே வந்து, பஸ் ஏறி, வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டார். அந்த நிறுத்தத்தில் மதுக்கடை இருக்கிறது. மூன்றாவது தடவை சேர்ந்தபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க ஈரல் இனிமே தாங்காது. மறுபடி குடிச்சா இங்க வர வேலையே இருக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

வேலையும் ஊசலாடிக்கொண்டிருந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பது விளையாட்டா என்ன? கூண்டின் தலைமேல் ஏறி நின்று, இருட்டில் கம்பிவடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். கை நடுங்குகிறவரோடு யார் ஏறுவார்கள்? கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நழுவாதவர் ஒரே ஒருவர்தான், அவர் வேலையிடத்தைச் சேர்ந்தவரே இல்லை. திரைச்சீலை தைக்கிற தையற்காரர். லிஃப்ட்காரரோடு ஒரே வீட்டில் நெடுநாளாக வாழ்கிறவர். வாந்தியைத் துடைத்தவர், தெருவில் விழுந்து கிடந்தவரைத் தோளில் தூக்கி வந்தவர், கோபம் வந்தால் நான்கு நாள் பேசாமல் இருந்து ஐந்தாம் நாள் அழுதவர். புருஷன் பெண்டாட்டி என்றால் வேறென்ன, இதுதானே?

ஆனால் அந்த வீட்டுப் படுக்கையறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. ஒன்றில் யாரும் படுத்ததே கிடையாது. வாரம் தவறாமல் தையற்காரர் அதற்கு உறை மாற்றி, தலையணையைக் குத்திக் குழி பண்ணி, விரிப்பைக் கையாலேயே கசக்கி வைப்பார். யாராவது எட்டிப் பார்த்தால் ஆள் படுத்து எழுந்த மாதிரி இருக்க வேண்டுமே. இது லிஃப்ட்காரர் போட்ட சட்டம். "யாரு கேட்டாலும் நீ பக்கத்துக் கட்டில்காரன். வாடகைக்கு இருக்கே. அவ்வளவுதான்" என்று குடி வந்த நாளிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார். தையற்காரருக்கு அது தண்ணீர்பட்ட பாடு. தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வார்.

இல்லத்தில் முதல் வாரம் நரகம். தேநீர்க் கோப்பையை இரண்டு கையால் பிடித்தும் பாதி மடியில்தான் கொட்டியது. சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி இரவெல்லாம் கத்தினார். பையிலிருந்த சவர லோஷனைக்கூட எடுத்துவைத்துக்கொண்டார்கள், அதையும் குடித்தவர்கள் உண்டாம். உடம்பு தேறியதும் வட்டத்தில் உட்கார வைத்தார்கள். தினமும் காலையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அவரவர் கதையைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு. வட்டத்தில் பேசியது வட்டத்தைத் தாண்டக் கூடாது.

வட்டத்தை நடத்தியவர் ஓர் ஆலோசகர் அம்மா. அவர் கேட்டபோது லிஃப்ட்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "என் பொண்டாட்டிய ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேம்மா" என்றார். அடப் பாவி மனுஷா! தையற்காரரின் அழுகை, தோள், தைத்துத் தைத்துத் தடித்த விரல் எல்லாவற்றையும் எடுத்து இல்லாத ஒரு பெண்ணுக்குப் போட்டுவிட்டார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அவர் சொன்னதில் ஆள் ஒன்றுதான் பொய். அந்த ஒரு பொய்யின் பாரம்தான் முன்பு இரண்டு தடவையும் அவரை அந்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. அது அவருக்கே தெரியும், தெரிந்தும் மென்று விழுங்கினார்.

சிகிச்சையின் கடைசி நாள் குடும்ப நாள். வீட்டு ஆள் வந்து வட்டத்தில் உட்கார்ந்து, தான் பட்டதைச் சொல்ல வேண்டும். லிஃப்ட்காரருக்கு அவருடைய அக்கா வந்தார். தையற்காரரும் வந்திருந்தார், ஆனால் வாசல் கேட்டுக்கு வெளியே, மாற்றுச் சட்டை வைத்த பையோடு.

"மனைவி வரலையா?" என்று ஆலோசகர் அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பொண்டாட்டியா?" அக்கா சிரித்துவிட்டார். "இவனுக்கு ஏதும்மா கல்யாணம்? நான் பொண்ணு பாத்துப் பாத்து ஓஞ்சு போயிட்டேன். இப்பக்கூட ஒரு இடம் வந்திருக்கு. கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்."

வட்டமே லிஃப்ட்காரர் பக்கம் திரும்பியது. அவருக்காகக் கண் கலங்கியவர்கள் இப்போது அவர் முகத்தையே பார்த்தார்கள். லிஃப்ட்காரருக்குக் காது அடைத்துக்கொண்டது. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. அவர் ஓடவில்லை.

"பொண்டாட்டின்னு சொன்னது பொய்தான்" என்றார். "பட்ட பாடு பொய்யில்ல. அவ்வளவும் பட்டவன் கேட்டுக்கு வெளியில நிக்கிறான். அவன்தான் என் குடும்பம். அவன் இல்லாம எனக்கு வீடே கிடையாது."

வாழ்நாளில் முதல் தடவை. சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிப் போனது, அழுகை வந்தது. அக்கா உறைந்து உட்கார்ந்திருந்தார். ஆலோசகர் அம்மா எழுந்து, "நானே கூட்டிட்டு வரேன்" என்று போனார்.

வழியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வட்டத்தில் பேசியதை வெளியே எப்படிச் சொல்வார்? "உள்ள வாங்க" என்று மட்டும் கூப்பிட்டார். தையற்காரர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். முதலில் கண்ணில் பட்டது அக்காவின் முகம். லிஃப்ட்காரர் குனிந்து அழுதுகொண்டிருந்தார். என்னவோ நடந்துவிட்டது, மாட்டிக்கொண்டோம் என்றுதானே அவருக்குத் தோன்றும்?

வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை ஆலோசகர் அம்மா அவரிடமும் கேட்டார். "நீங்க இவருக்கு யாரு?"

"பக்கத்துக் கட்டில்காரன்மா. வாடகைக்கு இருக்கேன்" என்றார் தையற்காரர், பளிச்சென்று.

"கேட்டீங்களா!" அக்கா துள்ளி எழுந்தார். "குடிச்சுக் குடிச்சு மூளை கலங்கிப் போச்சு இவனுக்கு. யாரையோ இழுத்துவிட்டுக் குடும்ப மானத்த வாங்கப் பாத்தான்!"

லிஃப்ட்காரர் நிமிர்ந்து, டேய், நான் சொல்லிட்டேன்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருந்த தைரியத்தை எல்லாம் ஒரே மூச்சில் செலவழித்துவிட்டாரே. வட்டம் அவரை இரண்டாவது தடவையும் பொய்க்காரனாகப் பார்த்தது. ஆலோசகர் அம்மா மட்டும் கிளம்பும்போது, "நான் உங்கள நம்புறேன்" என்றார். அது அவர் காதில் ஏறவில்லை.

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள், நடுவில் பை. தையற்காரர் மெதுவாகக் கேட்டார். "நான் சரியாத்தானே சொன்னேன்? உங்கக்காவப் பாத்ததும் மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன்."

"சரியாத்தான் சொன்னே."

மதுக்கடை நிறுத்தம் வந்தது. லிஃப்ட்காரர் எழுந்தார்.

"எங்க போற?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன்டா. எல்லார் முன்னாடியும். அக்கா முன்னாடியும். நீ யாருன்னு சொல்லிட்டேன்."

தையற்காரரின் முகத்தில் ரத்தம் வற்றிப் போனது. லிஃப்ட்காரர் படியில் காலை வைத்துவிட்டார். பின்னாலிருந்து சட்டையை ஒரு கை கொத்தாகப் பிடித்தது. தையல் விட்டுக் கிழிகிற சத்தம் கேட்டது, தையற்காரரே தைத்த சட்டை.

"இறங்குறவர விடுய்யா, வண்டி நிக்குதுல்ல" என்று கண்டக்டர் கத்தினார். "நீ யாரு அவருக்கு?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தையற்காரர் வாயைத் திறந்தார். பழகிய பதில் நுனி நாக்கு வரை வந்தது, அதைச் சொல்லவில்லை. வேறு பதிலைச் சொல்ல அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. சட்டையை அவர் விடவே இல்லை.

கண்டக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். படியில் நின்ற இருவரோடும் பஸ் கிளம்பியது.