மூன்று கொழும்புக்காரர்களும் என் பிள்ளையின் பெயரும்

என் மகனின் பெயர் என்ன? பெற்றவள் நான், எட்டாம் வகுப்புவரை படித்தவள். இருந்தும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

உலகச் சண்டை முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் கப்பலேறிப் போய்க் கொழும்பில் கருப்பட்டிக் கடை வைத்தார். அவர் வைத்தார் என்பது பேச்சுக்குத்தான்; வைத்தது ஊர்க்காரர்கள். உடன்குடி அண்ணாச்சி ஒருவர் தம் கடையின் முன்பாதியை ஒதுக்கிக் கொடுத்தார். சாத்தான்குளத்து மாமா தோணியில் சரக்கு வரவழைத்துத் தந்தார். கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் தெருக்காரர் ஒருவர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், தம்மோடு மூட்டை தூக்குகிற அத்தனை பேரையும் கடைக்கு அழைத்து வந்தார். மூவரில் ஒருவர் முகம் சுளித்தாலும் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில் இங்கே தூத்துக்குடியில் பிள்ளை பிறந்தான். உதவியவர் வீட்டுப் பெரியவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் வீட்டுக்காரர் அண்ணாச்சியிடம் அவருடைய அப்பா பெயரை வைப்பதாகச் சொன்னார். மாமாவிடமும் அப்படியே சொன்னார். வேதக்காரரிடம் அவர்கள் கோயில் புனிதர் பெயர் என்றார். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னவரிடம், ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர் எப்படி என்று கேட்டேன். "ஏளா, பிள்ளை இங்கன இருக்கான், அவுக அங்கன இருக்காக. யாரு வந்து பாக்கப் போறா?" என்றார்.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். கொழும்பிலிருந்து இறங்குகிறவர்களுக்கு வண்டி பிடிக்கும்வரை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வந்தவர் யாருடைய ஆள் என்று காபி ஆறுவதற்குள் நான் கண்டுபிடித்தாக வேண்டும். ஊரைக் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுவேன். அவன் எந்தப் பெயருக்கும் ஓடி வருவான். அடுத்த வீட்டுக்காரி ஆட்டைக் கூப்பிட்டாலும் வருவான். இது நல்லதுதானா என்று வேறு எனக்குக் கவலை.

போன மாதம் வந்தவர் சாத்தான்குளம் என்றார். நிம்மதியாக மாமாவின் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் கையிலிருந்த பணியாரம் வாய்க்குப் போகாமல் நின்றது. பிறந்த ஊர்தான் சாத்தான்குளமாம். வேலை பார்ப்பது அண்ணாச்சியிடம்.

"என்ன தாயி, எங்க மொதலாளி அவுக அப்பா பேர வச்சிருக்குன்னுல்ல வார ஆளுககிட்டல்லாம் சொல்லுதாரு?"

அது வீட்டில் கூப்பிடுகிற பெயர் என்று சமாளித்தேன். என் மகனோ, "எனக்கு இன்னொரு பேரும் இருக்கு" என்று புனிதர் பெயரையும் எடுத்து விட்டான்.

அவர் கப்பலேறிப் போன பிறகு, அண்ணாச்சி எங்கள் முன்பாதியில் தம் மூட்டைகளை அடுக்குவதாகச் செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார். பிள்ளைக்குக் காதுகுத்து என்று மூவரையும் அழைத்துவிட்டார். அவர்களும் ஒத்துக்கொண்டு ஒரே கப்பலில் வருகிறார்கள், ஆளுக்கொரு வெள்ளித் தம்ளரில் பெயர் வெட்டிக்கொண்டு.

காது குத்தும்போது பிள்ளை அழுவான். பெற்றவள் பெயர் சொல்லித் தேற்றாமல் இருக்க முடியுமா? மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு சுற்றி நிற்பார்களே, நான் எந்தப் பெயரைச் சொல்லட்டும்? பிள்ளை பெற்றவர்கள் யாராவது யோசனை சொல்லுங்கள். கப்பல் வெள்ளிக்கிழமை வருகிறது.