மன்றத்துக் காகிதங்களுக்குள் கிழிந்த கடிதம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய்ப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை, அதோடு சரி. இருபத்திரண்டு வருடம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டினேன். அங்கே நான் எழுதியதெல்லாம் ஷிப்ட் தாளில் என் கையெழுத்து மட்டும். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே பேச்சை நிறுத்திவிடுவேன். கல்யாண வீட்டில் சாப்பாடு கிடைக்காவிட்டாலும் கேட்காமல் எழுந்து வந்துவிடுவேன். படித்தவர்கள் எழுத வேண்டிய விஷயத்தை நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் காகிதங்களைக் கொடுத்த டீச்சர் போன் செய்து, "காப்பகப் பட்டியல்ல அந்தக் கடுதாசிக்கு ஒத்த வரிதான் போட்டிருக்காங்க தம்பி. அங்க நடந்தது உனக்குத்தான் தெரியும். எழுதிடு லா" என்றார். அவர் சொன்னால் தட்ட முடியாது.

தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்ட பிறகு, நகரத்தில் ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில் எனக்குப் பொது வேலை கிடைத்தது. பெட்டி தூக்க வேண்டும், தூசி தட்ட வேண்டும், ஈரம் இழுக்கும் இயந்திரத்தில் நிறைந்த தண்ணீரைக் கொட்ட வேண்டும். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. கீழே சேலைக் கடையில் போடுகிற பாட்டு ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கும். அங்கே பொறுப்பில் இருந்தவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரை மரியாதையாகப் புவான் என்பேன், அவர் என்னை அண்ணன் என்ற பொருளில் அபாங் என்பார். பேச்செல்லாம் மலாயில்தான்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் மூன்று பெட்டிகள் வந்தன. நூறு வருடத்துக்கு முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில், கவர்னர் தலைமையில் நடந்த சட்ட மன்றத்தில் உறுப்பினராக இருந்த ஒரு தமிழரின் சொந்தக் காகிதங்கள். ஒன்று பெரிய டிரங்குப் பெட்டி, இன்னொன்று சின்னது, மூன்றாவது அவர் மனைவி வைத்திருந்த பிஸ்கட் டின். புவானுக்குத் தமிழ் தெரியாது. அதனால் தமிழில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வேலையும் என்னிடம் வந்தது.

புவான் முதல் நாளே ஒரு சட்டம் சொன்னார். எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருக்க வேண்டும். நமக்கு அழகாகத் தோன்றுகிறபடி அடுக்கக் கூடாது. "அபாங், ஒரு காகிதம் பாதிதான் சொல்லும். அது எது பக்கத்துல இருந்துச்சோ, அது மீதியைச் சொல்லும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்த மனிதரை எனக்குச் சீக்கிரமே பிடித்துவிட்டது. மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல்களை ஒன்றுவிடாமல் வைத்திருந்தார். அச்சடித்தது ஆங்கிலம். ஓரத்தில் பென்சிலால் பொடிப் பொடியாகத் தமிழ். புவான் ஏதோ பெரிய அரசியல் இரகசியம் என்று நினைத்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாசிங்க, வாசிங்க" என்றார். நான் வாசித்து மலாயில் சொன்னேன்: "எதிரே இருப்பவர் தூங்குகிறார். மீசை மட்டும் கூட்டத்தில் கலந்துகொள்கிறது." புவான் சிரித்துச் சிரித்து முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாத் தாளிலும் இப்படி ஏதாவது இருக்கும். "காப்பி ஆறிவிட்டது." "கவர்னர் புதுச் சப்பாத்து போட்டிருக்கிறார், கடிக்கிறது போலும்." ஒன்றில், "பெரியவளுக்குச் செருப்பு. பாத அளவு எடுத்த நூல் சட்டைப் பையில் இருக்கிறது" என்று இருந்தது. இவ்வளவு பெரிய மனிதர் மன்றத்தில் உட்கார்ந்துகொண்டு மகளின் பாத அளவை நினைத்திருக்கிறாரே என்று, அதை இரண்டு தரம் வாசித்தேன்.

காகிதங்களைக் கொடுத்தவர்தான் டீச்சர். அந்த மனிதரின் மகன் வயிற்றுப் பேத்தி. ஓய்வு பெற்ற ஆசிரியை, எண்பதை நெருங்குகிறவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்கு இரண்டு கட்டடம் தள்ளித் தனியாக இருந்தார். வீட்டைக் காலி செய்துவிட்டு, கோலாலம்பூரில் தங்கை மகள் வீட்டுக்குப் போகப் போகிறார். பெட்டிகளை எடுத்து வரப் போனபோது என்னிடம் ஒரு காரியம் கேட்டார்.

"உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமாமே. எங்க அத்தைய பத்தி ஏதாச்சும் இருந்தா சொல்லு தம்பி."

பெரியவள் என்று ஓரத்தில் எழுதியிருந்த பெண்தான் அந்த அத்தை. நாகப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பிரசவத்தில் போய்விட்டாள்.

"கப்பல்ல கடுதாசி வருது. வீடே அழுவுது. எங்கப்பாவுக்கு அப்ப பத்து வயசு, வாசல்ல நின்னு பாக்குறாரு. எங்க தாத்தா என்ன செஞ்சாருன்னு நெனைக்கிற? கோட்ட மாட்டி, தலப்பாவ கட்டி, மன்றத்துல லோங்காங்க பத்திப் பேசப் போயிட்டாரு. ஊர்ச் சாக்கடை பெருசா போச்சு, பெத்த மக பெருசா தெரியல. எங்கப்பா சாவுற வரைக்கும் அவரு படத்த மாட்ட விடல."

"நீங்க டீச்சர்?"

"நான் பீரோவுக்கு மேல கவுத்துப் போட்டு வச்சிருக்கேன். கொண்டு போறதா, உங்ககிட்டயே தலமுழுவிட்டுப் போறதான்னு தெரியல லா. மனசுல ஈரம் இருந்தவருதான்னு ஒரு துண்டுச் சீட்டு கெடச்சாப் போதும்."

அன்று முதல் நான் அந்தச் சீட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தபோது எனக்கே தெரியவில்லை. அதுதான் என் தப்பு.

ஒரு திங்கட்கிழமை பெரிய டிரங்கின் அடியில் இருந்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு, மூலையில் தடவிய மஞ்சள் இன்னும் மங்காமல் இருந்தது. அதற்கு அடியில் மன்றத்தில் பேச எழுதி வைத்த ஓர் ஆங்கில உரை. அதன் இரண்டாவது பக்கத்தில் குண்டூசியால் ஓர் உறை குத்தியிருந்தது. உறைக்குள் கிழித்த துண்டுகள். ஒரு துண்டில் "சிவலோகப் பதவி" என்ற எழுத்து தெரிந்ததுமே கையை இழுத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாவுச் செய்தி வந்த கடிதத்தை வீட்டுக்குள் வைப்பதில்லை. வாசலிலேயே வாசித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுக் கால் கை கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவோம். இப்போது கடிதம் ஏது? என் மனைவி வாட்ஸ்அப்பில் அப்படிச் செய்தி வந்தால் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போவாள். வாசித்து அழித்துவிட்டுக் கை கழுவுவாள். "போனையும் கழுவு" என்று நான் கேலி செய்வேன். அவள், "நீங்க வாய கழுவுங்க" என்பாள்.

கேலி செய்கிற நானே அன்றைக்கு அதைத்தான் செய்தேன். மஞ்சள் வைத்த பத்திரிகையோடு ஒரே பெட்டியில் அதை வைக்க எனக்குக் கை வரவில்லை. ஊசியைக் கழற்றினேன். உறையை எடுத்துக்கொண்டு போய், அறைக்கு வெளியே வாசல் பக்கத்தில், துருப்பிடித்த ஊசியும் மக்கிய நாடாவும் போடுகிற தட்டில் வைத்தேன். ஊசியையும் அதிலேயே போட்டேன். கை கழுவிவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தேன். புவானிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். சட்டத்தை மீறியது பிறகுதான் உறைத்தது. உறைத்த பிறகு சொல்ல வெட்கமாக இருந்தது. செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று.

வியாழக்கிழமை டீச்சர் ஒப்படைப்புப் பாரம் என்கிற தாளில் கையெழுத்துப் போட வந்தார். மறுநாள் ஊரைவிட்டுப் போகிறார். கையில் செய்தித்தாளில் சுற்றிய படம். அவர் படியேறி வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் புவான் தட்டில் இருந்த உறையைக் கண்டுபிடித்திருந்தார்.

"இது யாரு இங்க வச்சது? எங்க இருந்து வந்துச்சு?"

"பெட்டியில இருந்து" என்றேன். அதற்குள் டீச்சர் வந்துவிட்டார்; எந்தப் பெட்டி என்று சொல்லாமல் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

டீச்சர் மேசை முன்னால் உட்கார்ந்து துண்டுகளை விரலால் நகர்த்தினார். அவருக்குக் கண் சரியில்லை. "நீ வாசி" என்றார். நான் வாசித்தேன். முழு வாக்கியம் எதுவும் இல்லை. "விடியற்காலம்", "குழந்தையும் தங்கவில்லை", "கடைசி வரை அப்பா எப்போது" என்று துண்டு துண்டாகத்தான் இருந்தது. கீழே சேலைக் கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தக் கடுதாசி இதேதான்" என்றார் டீச்சர். பிறகு புவானிடம் மலாயில், "எதுல இருந்துச்சு?" என்று கேட்டார்.

"பிஸ்கட் டின்னா இருக்கும். குடும்பக் கடிதம் எல்லாம் அதுலதான் இருக்கு" என்றார் புவான்.

டீச்சர் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. "அப்ப அவரு கிழிச்சு வீசிட்டுப் போயிருக்காரு. பெத்தவ பொறுக்கி வச்சிருக்கா. எங்கப்பா சொன்னது சரிதான்." செய்தித்தாளைப் பிரித்துப் படத்தை மேசைமேல் வைத்தார். தலைப்பாகை, மீசை, கொஞ்சம் பயந்த மாதிரியான கண். பாரத்தில் கடைசி வரியில் 'புகைப்படம் ஒன்று' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

"டீச்சர், கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் அந்த அறையில் பேசியதே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் பாதி, மலாயில் பாதி. சாவுக் கடுதாசி, மஞ்சள், தட்டு. புவானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அலாமாக், அபாங்! முதல் நாளே சொன்னேனா இல்லையா? இப்ப நீங்க சொல்றத நான் எப்படி நம்புறது? நாளைக்கு வேற யாராவது கேட்டா எதைக் காட்டுறது?"

போய் டிரங்கிலிருந்து அந்த உரையை எடுத்து வந்தேன். இரண்டாவது பக்கத்தின் மேல் மூலையில் குண்டூசி குத்திய இரண்டு துளைகள், நடுவில் பழுப்பாகத் துருத் தழும்பு. புவான் உறையை அதன்மேல் வைத்தார். உறையிலும் அதே நீளத்தில் தழும்பு, அதே சாய்வு. துளையும் துளையும் பொருந்தின. பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். "சரி" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை.

"அது என்ன உரை?" என்று டீச்சர் கேட்டார்.

புவான் முதல் வரியை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "லோங்காங் பத்தி."

டீச்சர் கையை வாயில் வைத்துக்கொண்டார். புவான் எழுந்து போய் அதே கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலையும் தேடி எடுத்து வந்தார். நான்கு பக்கமும் ஓரம் வெறுமையாக இருந்தது. மீசை இல்லை, காப்பி இல்லை, ஒரு பென்சில் கீறல்கூட இல்லை. "இதுவரைக்கும் நாம பார்த்ததுல இது ஒன்னுதான் இப்படி" என்றார்.

டீச்சர் அந்த வெற்று ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்தப் பெரிய டிரங்கு வீட்டுல இருந்ததே இல்ல தம்பி. அவரு ஆபீஸ்ல இருந்துச்சு. அவரு போனப்புறம்தான் வீட்டுக்கு வந்துச்சு."

"வீட்டுல வைக்கக் கூடாதுல்ல டீச்சர்" என்றேன்.

"ஆமா. வைக்கக் கூடாது. வீசவும் மனசு வரல. எங்கயாச்சும் கொண்டு போவணும்ல. மன்றத்துக்கே எடுத்துட்டுப் போயிட்டாரு, கிறுக்கு மனுசன்."

கிறுக்கு மனுசன் என்று அவர் சொன்ன விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. வீட்டில் இருக்கிற ஒருவரைச் சொல்வது மாதிரி இருந்தது.

"எங்கப்பா வாசல்ல நின்னு கோட்டத்தான் பாத்திருக்காரு" என்றார். "உள்பையில இருந்தது யாருக்குத் தெரியும்?"

துண்டுகளை மெல்லிய தாள் வைத்து ஒட்டித் தரலாமா என்று புவான் கேட்டார். டீச்சர், "வேணாம். அவரு கிழிச்ச மாதிரியே கெடக்கட்டும்" என்றார். உறை உரையின் இரண்டாம் பக்கத்துக்கே போயிற்று. ஊசி மட்டும் தனிக் கவரில். பிறகு டீச்சர் பாரத்தை இழுத்து, 'புகைப்படம் ஒன்று' என்ற வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். படத்தைச் செய்தித்தாளில் திரும்பவும் சுற்றும்போது, முகம் மேலே இருக்கிறதா என்று ஒரு தரம் பிரித்துப் பார்த்துக்கொண்டார்.

படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். "சுத்த பயந்தாங்கொள்ளி நீ. மூணு நாளு வாயத் தொறக்கல" என்றார். "ஆனா மஞ்சளுக்குப் பக்கத்துல வைக்க மாட்டேன்ன பாரு, அது சரிதான்."

"புவான் காதுல விழுந்தா வேலை போயிடும் டீச்சர்."

"போகாது லா. நான் பேசிட்டேன்."

என்ன பேசினார் என்று தெரியாது. புவான் அன்று மாலை எனக்கு ஒரு தண்டனை கொடுத்தார். உறையை எப்போது, எங்கிருந்து எடுத்தேன், எங்கே வைத்தேன், ஏன் வைத்தேன் என்று என் கையெழுத்தில் தமிழில் எழுதி, அந்தக் கோப்பிலேயே சேர்க்க வேண்டும். மூன்று தாள் கெடுத்து நாலாவதில் எழுதி முடித்தேன். 'ஏன்' என்ற இடத்தில் 'வழக்கம்' என்று மட்டும் போட்டேன். அந்தத் தாளும் இப்போது அந்த மனிதரின் காகிதங்களோடு இருக்கிறது. அவர் பார்த்திருந்தால் ஓரத்தில் என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பார்.

மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில் டீச்சர் கோலாலம்பூர் போனார். நான் வேலைக்குப் போய், டிரங்கில் மீதியிருந்த காகிதங்களுக்குப் பென்சிலால் எண் போட்டேன்.